எந்த வருஷத்து அம்பாசிடர்? மார்க் 2, மார்க் 4, 1800 ஐ.எஸ்.இசட் - ஒரு காரும் அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற வரலாறும்

(ஆடியோல பேசினதை வாசிக்க வசதியா கொஞ்சம் வெட்டி, ஒட்டி, திருத்தியிருக்கேன். உளறின இடங்களையும் பின்னாடி குக்கர் விசில் அடிச்ச இடங்களையும் எடுத்தாச்சு.)

போன எபிசோட் முடிவுல, நான் ஒரு பழைய அம்பாசிடர் வாங்கப் போறேன்னு சொல்லியிருந்தேன். நிறைய பேர் கேட்ட முதல் கேள்வி, "ஏன்?" அதுக்கு என்கிட்ட பதில் ரெடியா இருந்துச்சு. ரெண்டாவது கேள்விக்குத்தான் பதில் இல்லை: "எந்த வருஷத்து மாடல்?"

முதல்ல இது ரொம்ப சுலபமான கேள்வின்னு நினைச்சேன். எல்லா அம்பாசிடரும் ஒண்ணுதானே? 1957-58ல அறிமுகமாகி 2014 மே மாசம் வரைக்கும் தயாரான கார். தூரத்துல இருந்து பார்த்தா தாத்தாவும் பேரனும் ஒரே மூஞ்சி. ஆனா வாங்கப் போறப்போதான், ஒவ்வொரு வருஷமும் வேற வண்டின்னு புரிஞ்சுது. அதைவிட முக்கியமா, எந்த வருஷத்துல என்ன மாறுச்சு, எந்த வருஷத்துல எதுவுமே மாறலங்கிற பட்டியலே இந்த நாட்டோட பொருளாதார வரலாறு மாதிரி இருக்கு. இன்னைக்கு எபிசோட் அதைப் பத்திதான்.

நடுவுல எங்க அப்பாவும் வருவார். அவர் இல்லாம இந்தக் கதை இல்லை. 1993ல இருந்து 2006 வரைக்கும் கும்பகோணத்துல கார் ஸ்டாண்டுல ஒரு அம்பாசிடர் வச்சு வாடகைக்கு ஓட்டினவர். 1984 மாடல், மார்க் 4, டீசல். நவக்கிரகக் கோயில் டிரிப்தான் முக்கியமான வருமானம். விடியக்காலை கிளம்பி, ஒன்பது கோயிலையும் ஒரே நாள்ல முடிச்சு, ராத்திரி லாட்ஜ் வாசல்ல இறக்கி விடணும். அந்த வண்டி ஓட்டின காசுலதான் நான் பால்வாடியில இருந்து மூணாவது வரைக்கும் படிச்சேன். நான் மூணாவது படிக்கும்போது வித்துட்டார்.

அதனால என் மனசுல திட்டம் தெளிவா இருந்துச்சு. அப்பாவோட அதே வண்டி மாதிரி ஒண்ணு வாங்கி, அவர் கையில சாவியைக் கொடுக்கணும். சினிமா கிளைமாக்ஸ் மாதிரி. பட்ஜெட் நாலு லட்சம்.

கிரில்லைப் பார்த்து ஏமாந்த கதை

முதல்ல பார்த்த வண்டி சென்னைக்கு வெளியில ஒரு ஷெட்டுல நின்னுச்சு. விளம்பரத்துல "1972 மார்க் 2, ஒரிஜினல்"னு போட்டிருந்தாங்க. கிரீம் கலர். முன்னாடி நெருக்கமா கட்டம் கட்டமா இருக்கிற கிரில். பழைய போட்டோக்கள்ல மந்திரிமார் இறங்கி வர்ற வண்டி இருக்கும்ல, அதே மூஞ்சி. நான் அங்கேயே விழுந்துட்டேன். அட்வான்ஸ் கொடுக்க போனையும் கையில எடுத்தாச்சு.

கூட வந்த புதுப்பேட்டை மெக்கானிக் அண்ணன் ஒண்ணும் பேசல. பானெட்டைத் தூக்கினார். உள்ளே ஒரு பழைய வேனோட டீசல் இன்ஜின். அப்புறம் ஆர்.சி. புக்கை வாங்கி, சேசிஸ் நம்பரை டார்ச் அடிச்சு ஒத்துப் பார்த்தார். "தம்பி, இது 81 வண்டி. மார்க் 4. மூஞ்சி மட்டும்தான் மார்க் 2" அப்படின்னார்.

ஒரு நிமிஷம் யோசிங்க. 1962-63ல வந்த ஒரு கிரில்லை, 1981ல செஞ்ச ஒரு பாடியில மாட்ட முடியுது. சுத்துவட்டத்துல கொஞ்சம் டிங்கரிங் வேலை, அவ்வளவுதான். இது வித்தவரோட தந்திரம்தான். ஆனா தந்திரம் பலிக்குதுன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கணும். இருபது வருஷ இடைவெளியில அந்த உலோகக் கூடு பெரிசா மாறவே இல்லைங்கிறதுதான் அந்தக் காரணம். நான் வேலை செய்யற ஆப்ல போன வருஷம் எழுதின கோட் இந்த வருஷம் ஓடாது. இங்க இருபது வருஷத்துக்கு அப்புறமும் பார்ட்ஸ் பொருந்துது.

அது எப்படி ஆச்சுன்னு தெரிஞ்சுக்க கொஞ்சம் பின்னாடி போகணும்.

ஆக்ஸ்ஃபோர்டுல இருந்து உத்தர்பாராவுக்கு

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942ல பி.எம். பிர்லா ஆரம்பிச்ச கம்பெனி. முதல்ல குஜராத்துல ஓகா துறைமுகம், அப்புறம் 1948ல கல்கத்தாவுக்குப் பக்கத்துல ஹூக்ளி நதிக்கரையில உத்தர்பாரா. இங்கிலாந்துல மோரிஸ் கம்பெனி செய்யற கார்களை இங்க வேற பேருல செய்யறதுதான் வேலை. மோரிஸ் 10 இங்க ஹிந்துஸ்தான் 10 ஆச்சு. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டோட ரெண்டாவது சீரிஸ், 1954 வாக்குல லேண்ட்மாஸ்டர் ஆச்சு. ஆக்ஸ்ஃபோர்டு மூணாவது சீரிஸ் இங்கிலாந்துல 1956ல வந்து 1959ல நின்னு போச்சு. மூணு வருஷம்தான். இந்தியாவுல அதுதான் அம்பாசிடர். அது இங்க அரை நூற்றாண்டைத் தாண்டி ஓடுச்சு.

1953ல இன்னொரு பெரிய விஷயம் நடந்துச்சு. அரசாங்கம் அமைச்ச டாரிஃப் கமிஷன் ஒரு முடிவுக்கு வந்தது: வெளிநாட்டுல இருந்து பார்ட்ஸ் கொண்டுவந்து இங்க பூட்டி மட்டும் விக்கிற கம்பெனிகள் வேண்டாம், இங்கேயே உற்பத்தி பண்ணத் திட்டம் வச்சிருக்கிறவங்க மட்டும் இருக்கட்டும். பம்பாயில 1928ல இருந்து கார் பூட்டிக்கிட்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் கிளம்பிட்டாங்க. ஃபோர்டும் போயிட்டாங்க. கடைசியில கார் சந்தையில முக்கியமா மிஞ்சினது மூணு பேர். கல்கத்தாவுல ஹிந்துஸ்தான், பம்பாயில ஃபியட் செஞ்ச பிரீமியர், நம்ம மெட்ராஸ்ல ஸ்டாண்டர்டு ஹெரால்டு செஞ்ச ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ்.

எவ்வளவு தயாரிக்கலாம்னு லைசென்ஸ் சொல்லும். வெளிநாட்டு மெஷின் வாங்கணும்னா அந்நியச் செலாவணிக்கு டெல்லியில அனுமதி வாங்கணும். 1957-58ல அந்தக் கையிருப்பே கரைஞ்சு நாடு திண்டாடிக்கிட்டிருந்த நேரம். லாரி, பஸ், டிராக்டர்தான் முதல்ல. கார்ங்கிறது பணக்காரன் ஆடம்பரம்ங்கிறது அன்றைய பார்வை. எங்க ஊர்ப் பக்கம் பாட்டிங்க காரை "பிளஷர்"னுதான் சொல்லுவாங்க. அரசாங்கமும் கிட்டத்தட்ட அதே அர்த்தத்துலதான் பார்த்துச்சு.

வருஷ வாரியா என்னதான் மாறுச்சு?

இப்போ வாங்குறவன் கண்ணோட பார்ப்போம்.

மார்க் 1, ஆரம்பத்துல இருந்து 1962 வரை. பானெட்டுல பள்ளம் விழுந்த மாதிரி வளைவுகள் இருக்கும். முதல்ல லேண்ட்மாஸ்டர்ல இருந்த 1476 சி.சி. சைடு வால்வு இன்ஜின். 1959ல அதை எடுத்துட்டு பி.எம்.சி. பி-சீரிஸ், 1489 சி.சி., 55 குதிரைத்திறன், ஓவர்ஹெட் வால்வு இன்ஜின் போட்டாங்க. இதே இன்ஜின் குடும்பம்தான் இங்கிலாந்துல எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் கார்லயும் ஓடுச்சுன்னு சொன்னா நம்ம ஊர் ஆளுங்க நம்ப மாட்டாங்க. அன்றைக்கு அது நிஜமாவே நல்ல இன்ஜின். காரும் பழசு இல்லை. தனி சேசிஸ் இல்லாத மோனோகாக் பாடி. ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங். முன்னாடி டார்ஷன் பார் சஸ்பென்ஷன், மோரிஸ் மைனர்ல அலெக் இசிகோனிஸ் போட்ட அதே யோசனை. 1957ல உலகத்தோட பார்த்தா நாம பின்தங்கியே இல்லை. இது முக்கியம், ஞாபகம் வச்சுக்கோங்க.

மார்க் 2, 1962-63ல இருந்து 1975 வரை. புது கிரில், புது டேஷ்போர்டு. இன்ஜின் அதே 1489.

மார்க் 3, 1975ல இருந்து 1979 வரை. கிரில்ல கட்டத்துக்குப் பதிலா படுக்கைக் கோடுகள். இண்டிகேட்டர் வட்டமா, தனியா வந்துச்சு. இன்ஜின்? அதேதான்.

மார்க் 4, 1979ல இருந்து. கிரில் சின்னதாச்சு, பார்க்கிங் லைட் சதுரமாச்சு. ஆனா இந்த மாடல்ல ஒரு உண்மையான மாற்றம் இருக்கு: 1980 வாக்குல வந்த டீசல். அதே 1489 சி.சி. அளவுல, 37 குதிரைத்திறன். இந்தியாவுல செஞ்ச முதல் டீசல் கார்னு பரவலா சொல்றது இதைத்தான். 1973 எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம் பெட்ரோல் விலை எகிறியிருந்துச்சு, டீசல் விலை குறைவு. வாடகைக்கு ஓட்டுறவங்களுக்கு அது பெரிய வரம்.

நோவா, 1990ல இருந்து. ஸ்டீயரிங், பிரேக், எலக்ட்ரிக்கல் கொஞ்சம் மேம்பட்டுச்சு. குதிரைத்திறன் மட்டும் பழைய 55, 37தான்.

1800 ஐ.எஸ்.இசட், 1992-93 வாக்குல. இதுல 1817 சி.சி. இசுசு பெட்ரோல் இன்ஜின், 75 குதிரைத்திறன். ஸ்டீயரிங் பக்கத்துல இருந்த ஹேண்ட் கியர் போய், தரையில இருந்து வர்ற அஞ்சு கியர். சீட் பெல்ட்டும் வந்துச்சு.

நான் வேலைப் பழக்கத்துல இதை ஒரு ரிலீஸ் நோட்ஸ் மாதிரி எழுதிப் பார்த்தேன். 1959 பெட்ரோல் இன்ஜினுக்கு அடுத்தபடியா பெரிய பெட்ரோல் இன்ஜின் மாற்றம் எப்போ? 1990களோட தொடக்கத்துல. நடுவுல முப்பத்து சொச்ச வருஷம். அந்த இடைவெளியில மனுஷன் நிலாவுக்குப் போய்ட்டு வந்துட்டான், அம்பாசிடர் கிரில்லை மாத்திக்கிட்டிருந்துச்சு.

இன்னொரு விஷயம். அந்த இசுசு இன்ஜின் அதே கம்பெனியோட கான்டெசாவுல 80களிலேயே வந்துடுச்சு. அப்போ அம்பாசிடர்ல ஏன் அவ்வளவு தாமதம்? தேதிகளை அடுக்கினா என் ஊகம் கிடைக்கும். 1983 டிசம்பர் 14, முதல் மாருதி 800 சாவியை இந்திரா காந்தி கொடுக்கறாங்க. கொஞ்ச வருஷத்துல தனி ஆளுங்க மாருதிக்குப் போயிட்டாங்க. அம்பாசிடருக்கு மிஞ்சினது அரசாங்கமும் டாக்ஸியும். இந்த ரெண்டு வாடிக்கையாளருக்கும் பெரிய இன்ஜின் அவசரமா தேவைப்படல. 1991ல பொருளாதாரக் கதவு திறக்குது, 1993ல கார் தயாரிக்க லைசென்ஸ் தேவையில்லைன்னு ஆகுது. போட்டி வாசலுக்கு வந்த அதே நேரத்துலதான் அம்பாசிடருக்கும் புது இன்ஜின் வருது.

ஆனா அப்பா வேற கதை சொன்னார்

இவ்வளவையும் ஒரு ஞாயித்துக்கிழமை அப்பாகிட்ட ஆவேசமா சொன்னேன். "முப்பது வருஷமா நம்மளை ஏமாத்தியிருக்காங்கப்பா!" அவர் வெத்தலையை மடிச்சுக்கிட்டே கேட்டார்.

"ஏன்டா, நீ வச்சிருக்கிற போனு கீழ விழுந்தா என்ன பண்ணுவ?"

"சர்வீஸ் சென்டர் போவேன்."

"நான் கீழப்பெரும்பள்ளத்துக்கும் திருவெண்காட்டுக்கும் நடுவுல, உச்சி வெயில்ல, ஒன்பது பேரோட நின்னிருக்கேன். வழியில ஒரு சைக்கிள் கடைக்காரன் வந்து சரி பண்ணிக் கொடுத்தான். எப்படி? அவன் மாமா பல வருஷமா அதே இன்ஜினைப் பிரிச்சுப் பூட்டினவரு. இவனுக்கு அது மனப்பாடம். வருஷா வருஷம் மாத்தியிருந்தா நான் ராத்திரி வரைக்கும் அங்கேயே நிக்க வேண்டியதுதான்."

இந்தப் பக்கத்தை நான் யோசிக்கவே இல்லை. மாறாத டிசைன்னா, வாங்குறவனுக்கு நஷ்டம்னு மட்டும்தான் பார்த்தேன். ஆனா மாறாததாலதான் ஒரு சின்ன ஊர்ல இருக்கிற மெக்கானிக், பள்ளிக்கூடம் போகாதவர், ஒரு இன்ஜினை முழுசா கத்துக்க முடிஞ்சுது. பார்ட்ஸ் எந்த டவுன்லயும் கிடைச்சுது. ஒரு பழைய வண்டியைப் பிரிச்சா பத்து வண்டி பிழைச்சுது. நம்ம மொழியில சொன்னா, ரொம்ப நீளமான லாங் டெர்ம் சப்போர்ட் வெர்ஷன்.

அதுக்கு விலையும் இருந்துச்சு, அதை மறைக்க வேண்டாம். கார் வேணும்னா புக் பண்ணிட்டு வருஷக்கணக்குல காத்திருந்த ஒரு தலைமுறை இருக்கு. ஹார்ன் தவிர மத்த எல்லாமே சத்தம் போடும்னு ஜோக் சொல்லிக்கிட்டே அதே வண்டியை வாங்கினாங்க, வேற வழி இல்லாம. கடைசியில பெரிய விலை கொடுத்தது உத்தர்பாரா தொழிலாளிங்கதான். பெரிய நகரங்கள்ல 2010ல பி.எஸ்.4 மாசுக் கட்டுப்பாடு வந்தப்போ அம்பாசிடர் டீசல் அதுக்குத் தயாரா இல்லை. அதுக்கு ஏத்த என்கோர் மாடல் வந்தது 2013ல. 2014 மே 24 அன்னைக்கு வேலை நிறுத்தி வைக்கிறோம்னு நோட்டீஸ் ஒட்டும்போது, ஒரு நாளைக்கு அஞ்சு கார்தான் வெளிய வந்துக்கிட்டிருந்துச்சுன்னு அன்றைய செய்திகள் சொல்லுது. ரெண்டாயிரத்துக்கு மேல தொழிலாளிங்க இருந்தாங்க. 2017ல "அம்பாசிடர்"ங்கிற பேரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு பெஜோ வாங்கிட்டாங்க.

மார்க் 2வா? சட்டம் என்ன சொல்லுது

ரெண்டாவதா பார்த்தது கோயம்புத்தூர்ல. இது நிஜமான மார்க் 2, 1974. ஒரே குடும்பம் வச்சிருந்த வண்டி. ஆர்.சி., சேசிஸ், இன்ஜின் நம்பர் எல்லாம் ஒத்துப் போச்சு. மெக்கானிக் அண்ணன் முதல் தடவையா சிரிச்சார். விலை என் பட்ஜெட்டைப் போல ரெண்டு மடங்கு.

விலையை விடுங்க. இங்க இன்னொரு விஷயம் கத்துக்கிட்டேன். 2021 ஜூலையில மத்திய அரசு பழமையான வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 வருஷத்துக்கு மேல ஆகியிருக்கணும், சேசிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அப்படி இருந்தா "வி.ஏ."ங்கிற எழுத்தோட தனி நம்பர் வாங்கலாம், பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனா அப்படிப் பதிஞ்ச வண்டியை தினசரி ரோட்டுல ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, ரிப்பேர், பெட்ரோல் போட, இப்படி சில காரணங்களுக்கு மட்டும்தான். அதாவது 1975ல செஞ்ச வண்டி இப்போ அந்தக் கோட்டைத் தாண்டுது. மார்க் 2 முழுசும் அந்தப் பக்கம் போயிடுச்சு, மார்க் 3 ஒவ்வொண்ணா தாண்டிக்கிட்டிருக்கு.

சாதாரண ஆர்.சி.யை அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிச்சு ஓட்டவும் நம்ம ஊர்ல வழி இருக்கு. டெல்லி சுத்துவட்டாரத்துல மட்டும் பழைய வண்டிகளுக்குக் கெடுபிடி தனி. ஆனா மார்க் 2 வாங்கி மழையில ஓட்டி, துரு பிடிக்க விட மனசு வராது. மோனோகாக் பாடின்னு சொன்னேன்ல? தனி சேசிஸ் கிடையாது. தரைத் தகடும் கதவுக்குக் கீழ இருக்கிற பகுதியும் துருப்பிடிச்சா முதுகெலும்பே போன மாதிரி. பெயின்ட் பளபளன்னு இருக்கிறதைப் பார்க்காதீங்க. மேட்டைத் தூக்கிப் பாருங்க, ஜாக்கி வைக்கிற இடத்தைத் தட்டிப் பாருங்க.

இன்னொண்ணு, இப்போ பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால். 70கள்ல செஞ்ச ரப்பர் குழாயும் கார்புரேட்டர் வாஷரும் அதைத் தாங்குற மாதிரி செஞ்சது இல்லை. பழைய பெட்ரோல் வண்டி எது வாங்கினாலும் அந்த ரப்பர் சாமானை எல்லாம் மாத்துற செலவையும் சேர்த்துக் கணக்கு போடுங்க.

அப்பாவோட வண்டி

மூணாவது வண்டிக்காகத்தான் இவ்வளவு நாள் காத்திருந்தேன். சேலம் பக்கம். மார்க் 4, டீசல், 1984. அப்பா வண்டியோட அதே வருஷம், அதே வெள்ளை. இந்தத் தடவை அப்பாவையும் கூட்டிக்கிட்டுப் போனேன். எதுவும் சொல்லாம கூட்டிப் போய் நிறுத்தினேன்.

அவர் சுத்தி வந்தார். டிரைவர் கதவைத் திறந்து உக்காந்தார். ஹீட்டரைப் போட்டுட்டு, வாய்க்குள்ள ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணினார். பழைய டீசலை அப்படித்தான் ஸ்டார்ட் பண்ணணும், உள்ளே சூடாகுற வரைக்கும் காத்திருக்கணும். சாவியைத் திருகினார். புடிச்சுது. ஹேண்ட் கியரைப் பார்க்காமலே போட்டார், கொஞ்ச தூரம் போய்ட்டுத் திரும்பி வந்தார். நான் போன்ல வீடியோ எடுத்துக்கிட்டிருந்தேன். கண்ணு கலங்கும்னு எதிர்பார்த்தேன், உண்மையைச் சொல்றேன்.

இறங்கி வந்து கதவைச் சாத்திட்டு, "நல்லா வச்சிருக்கான். ஆனா இது வேண்டாம்டா" அப்படின்னார்.

ஏன்னு கேட்டேன்.

"அது என் ஆபீசுடா. நீ ரிட்டையர் ஆனப்புறம் உன் ஆபீஸ் நாற்காலியை வாங்கி வீட்டுல போட்டுக்குவியா?"

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. திரும்பி வர்றப்போ பஸ்ல ஜன்னல் பக்கம் உக்காந்துக்கிட்டு, ரொம்ப நேரம் கழிச்சு அவரே பேசினார்.

"13 வருஷம் அந்த வண்டியை வச்சிருந்தேன். ஒரு நாள் கூட பின் சீட்டுல உக்காந்து போனது இல்லை. வண்டி நிக்கும்போது மத்தியானம் படுத்துத் தூங்கியிருக்கேன். ஓடும்போது இல்லை. ஏறுற எல்லாரும் சொல்லுவாங்க, என்ன சொகுசுன்னு. எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது."

நான் மூணு மாசமா மாடல் வருஷம் தேடினது யாருக்காகன்னு அப்போதான் யோசிச்சேன். ஏக்கம் எனக்கு. அந்த வண்டியில நான் பயணிதானே, எனக்கு அது ஜன்னலும் காத்தும். அவருக்கு அது வேலை. அவர் கையில சாவி கொடுக்கிறதுங்கிற என் கிளைமாக்ஸ், கிட்டத்தட்ட அவரை மறுபடி வேலைக்கு அனுப்புறதுதான்.

அப்போ எந்த வருஷம்?

இங்க ஒரு வேடிக்கை இருக்கு. பின் சீட்டுன்னு பார்த்தா மாடல் வருஷமே முக்கியம் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு மூணாவது சீரிஸ்ல வரைஞ்ச அந்த இடம், அந்த உயரமான கூரை, புடவை கட்டினவங்க குனியாம ஏறுற கதவு, இதெல்லாம் மார்க் 1ல இருந்து கடைசி வரைக்கும் கிட்டத்தட்ட அப்படியேதான். மந்திரிங்களும் மாப்பிள்ளைங்களும் அதுலதான் போனாங்க. 2013ல டாப் கியர் நிகழ்ச்சி உலக டாக்ஸி போட்டி வச்சு, அம்பாசிடரைத் தேர்ந்தெடுத்துச்சு. மாறாத அந்தப் பெட்டியில சரியா இருந்த விஷயமும் மாறாமலேயே இருந்துச்சு.

அப்போ மாடல் வருஷம் யாருக்கு முக்கியம்? ஓட்டுறவனுக்கு. இனிமே அது நான்தான். எனக்கு ஹேண்ட் கியர் பழக்கம் இல்லை. 37 குதிரைத்திறனை வச்சுக்கிட்டு இன்னைக்கு ஹைவேல லாரியை முந்துற தைரியமும் இல்லை. அதனால நாலாவது வண்டி. திருச்சியில, 1996 மாடல், 1800 ஐ.எஸ்.இசட், பெட்ரோல். சேசிஸ் நம்பர் ஒத்துப் போச்சு. தரையில ஒரு இடத்துல துரு, அதைக் காட்டி விலையைக் குறைச்சோம். டிங்கரிங், ரப்பர் குழாய், டயர் எல்லாம் சேர்த்து பட்ஜெட்டைக் கொஞ்சம் தாண்டிடுச்சு, ஆனா ரொம்ப இல்லை.

கிளாசிக் கார் குரூப்ல கேட்டா, "96ஆ? அது கிளாசிக்கே இல்லை, பழைய வண்டி" அப்படிம்பாங்க. சேகரிக்கிறவங்களுக்கு மார்க் 2தான் சரி, சந்தேகமே இல்லை. காசும் நிழலான இடமும் இருந்தா அதை வாங்கி பத்திரமா வைங்க. பழைய டீசலோட சத்தம் பிடிக்கும், அவசரம் இல்லைன்னா மார்க் 4. குடும்பத்தோட நிஜமா ஊருக்குப் போகணும்னா இசுசு இன்ஜின் போட்டது. எதை வாங்கினாலும் கிரில்லைப் பார்த்து வருஷம் சொல்லாதீங்க, நம்பரைப் பாருங்க.

போன மாசம் கும்பகோணத்துல இருந்து நவக்கிரகம் கிளம்பினோம். காலையில அஞ்சு மணி. நான் டிரைவர் சீட்டுல. அம்மாவும் அப்பாவும் பின்னாடி. அப்பா இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கிட்டு வந்து, பின் கதவைத் தானே திறக்காம ஒரு செகண்ட் நின்னார். எனக்குப் புரியவே நேரமாச்சு. இறங்கி ஓடிப் போய் திறந்து விட்டேன்.

திங்களூர் போற வரைக்கும் அமைதியா வந்தார். ஆலங்குடி தாண்டினப்புறம் ஆரம்பிச்சுட்டார். "கிளட்ச் மேல இருந்து காலை எடு. முன்னாடி மாட்டு வண்டி, இப்பவே குறை. ஹார்ன் அடிக்காத, பின்னாடி ஆளு தூங்குறாங்கல்ல." அம்மாதான் தூங்கிக்கிட்டிருந்தாங்க. திருநாகேஸ்வரம் வந்து சேரும்போது மணி ராத்திரி எட்டு. எப்படி இருந்துச்சுப்பா பின் சீட்டுன்னு கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ரோடு சரியாத் தெரியல" அப்படின்னார்.

சரி மக்களே, உங்க வீட்டுலயோ தெருவுலயோ அம்பாசிடர் ஓட்டினவங்க யாராவது இருப்பாங்க. அவங்ககிட்ட எந்த வருஷத்து வண்டின்னு கேளுங்க. அப்படியே, அந்த வண்டியில அவங்க எந்த சீட்டுல உக்காந்திருந்தாங்கன்னும் கேளுங்க. பதிலை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல, இன்னைக்கு ஒரு வரியில கடந்து போன மெட்ராஸ் கார், ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பத்திப் பேசலாம். அதுவரைக்கும், பார்த்து ஓட்டுங்க.